ஆசிரியருக்கும் ஒரு வழித்துணை

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிய பேச்சு இச்சங்கத்தின் மேடைக்குப் புதியதன்று. மாணாக்கர் எவ்வாறு படிக்க வேண்டும், பெற்றோர் எவ்வாறு துணைநிற்க வேண்டும் என்றெல்லாம் பெரியோர் பலர் இங்கு எடுத்துரைத்துள்ளனர். இன்று நாம் படிப்பிக்கின்றவரைப் பற்றியும், பாடசாலையை நடத்துகின்றவரைப் பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். மாணாக்கனுக்கு ஆசிரியர் உளர். அந்த ஆசிரியருக்கு யார் உளர்? ஆசிரியர்க்கு அதிபர் என்பீர்கள். நல்லது; அந்த அதிபருக்கு யார் உளர்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இச்சிற்றுரையின் நோக்கம்.

ஆங்கிலத்திலே 'கோச்' என்றொரு சொல் உண்டு. ஹங்கேரி நாட்டிலே கோச் என்னும் கிராமத்தில் ஒருகாலத்தில் நல்ல குதிரை வண்டிகள் செய்தார்கள். ஊரின் பெயரே வண்டிக்குப் பெயராயிற்று. அப்பெயர் பல நாடுகளைச் சுற்றி எமது நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் பாட்டன் பாட்டிமார் புகையிரதத்தைக் 'கோச்சி' என்று அழைத்ததை நீங்கள் அறிவீர்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்ஸ்போர்ட் மாணாக்கர், தம்மைப் பரீட்சையின் அக்கரைக்குக் கொண்டுசேர்க்கும் ஆசிரியரை விளையாட்டாக அப்பெயரால் அழைத்தனர். பின்னர் அது விளையாட்டு மைதானத்துக்குச் சென்று பயிற்றுவிப்பாளரைக் குறிப்பதாயிற்று.

வண்டி என்ற பொருளை நாம் மறந்துவிட வேண்டியதில்லை. கண்டிக்குப் புகையிரதம் வந்த ஆண்டு 1867. நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரமான வண்டிகளை ஒரே இயந்திரம் இழுத்துவிட முடியாது. ஆதலால் ரம்புக்கணையிலே பின்புறம் இன்னோர் இயந்திரத்தைச் சேர்ப்பார்கள். அது பின்னிருந்து தள்ளும். முன்னால் இருக்கும் சாரதியின் ஆசனத்தில் அது ஏறி அமர்வதில்லை; பாதையை மாற்றுவதுமில்லை; ஏற்றம் முடிந்ததும் அதன் வேலையும் முடிந்துவிடும். இங்குள்ள முதியோர் சிலர் அதனைக் கண்ணாரக் கண்டிருப்பீர்கள். நாம் இன்று பேசவந்த துணை இத்தகையது. இதனைச் செய்பவரை 'வழித்துணைவர்' என்று இவ்வுரையில் வழங்குவோம்.

விளையாட்டிலே இத்துணையின் அருமையைக் கண்டி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிலே முத்தையா முரளிதரன் என்றொரு சிறுவன் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்தான். ஏறத்தாழ 14 வயதில், பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ அவனைச் சுழற்பந்துக்கு மாறும்படி கூறினார். 2010 ஜூலை 22ஆம் நாள் காலி மைதானத்தில் அந்தச் சிறுவன் தனது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி, உலகில் எவரும் எட்டாத இடத்தில் நின்றான். திறமை அவனுடையது, உழைப்பும் அவனுடையது. எனினும் அத்திறமை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை வெளியிலிருந்த ஒரு கண் கண்டுபிடித்தது. 1996இல் உலகக் கிண்ணத்தை வென்ற எமது அணிக்கும் டேவ் வட்மோர் என்ற பயிற்றுவிப்பாளர் இருந்தார். அரவிந்த டி சில்வாவுக்குத் துடுப்பாடத் தெரியாது என்பதற்காகவா பயிற்றுவிப்பாளரை வைத்தார்கள்? நன்றாகத் தெரிந்தவருக்கும் தம் முதுகு தமக்குத் தெரியாது என்பதனாலேயே வைத்தார்கள்.

விளையாட்டு வேறு, தொழில் வேறு என்று சிலர் கூறலாம். அமெரிக்காவிலே அத்துல் கவாண்டே என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கின்றார். இந்தியப் பெற்றோரின் புதல்வர். பல ஆண்டுகள் தொழில் செய்து நற்பெயர் பெற்றபின், தம் திறமை ஓரிடத்திலே நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தமக்கு முன்னர் கற்பித்த, ஓய்வுபெற்ற மூத்த வைத்தியர் ஒருவரை அழைத்து, தாம் செய்யும் சத்திரசிகிச்சையைப் பார்த்திருக்கும்படி வேண்டினார். மூத்தவர் ஒரு மூலையில் நின்று பார்த்தார், குறிப்பெழுதினார், கத்தியைத் தொடவில்லை. முடிந்தபின், விளக்கின் ஒளி காயத்தை விட்டு விலகி நின்றதையும், முழங்கை வேண்டாத அளவு உயர்ந்து நின்றதையும் எடுத்துக் கூறினார். சிறிய விடயங்களே; ஆனால் அவற்றை வேறெவரும் அவருக்குச் சொல்லியதில்லை. இதனை அவர் 2011ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாகவே எழுதினார். உயிரைக் கையில் ஏந்தும் வைத்தியருக்கு இது இழிவன்று என்றால், 40 பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கையில் ஏந்தும் ஆசிரியருக்கு மாத்திரம் இழிவாகுமோ?

வழித்துணைவர் வகுப்பறையில் என்ன செய்வார்? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஓர் இளம் ஆசிரியை ஏழாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழித்துணைவர் பின்வாங்கில் அமர்ந்து வகுப்பின் படத்தைத் தாளில் வரைந்து, வினா எந்தப் பிள்ளையிடம் செல்கின்றதோ அவ்விடத்தில் ஒரு புள்ளி இடுகின்றார். பாடம் முடிகின்றது. "20 வினா கேட்டீர்கள், தங்கச்சி. இந்தப் புள்ளிகளைப் பாருங்கள், என்ன தெரிகின்றது?" என்று கேட்கின்றார். 17 புள்ளிகள் முன்னிரண்டு வரிசையிலேயே இருக்கின்றன. ஆசிரியை தாமே அதனைக் காண்கின்றார். "நாளைக்கு என்ன செய்து பார்க்கலாம்?" என்பது அடுத்த வினா. விடையையும் ஆசிரியையே கூறுகின்றார். இரண்டு வாரத்தின்பின் வழித்துணைவர் மீண்டும் வந்து அதே படத்தை வரைகின்றார். அவ்வளவுதான். திட்டவுமில்லை, புகழ்ந்து தள்ளவுமில்லை.

இத்தகைய சிறு மாற்றங்கள் பெரிய பயன் தருவன. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கவனித்தார். வினாவைக் கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே என்று கண்டார். அதனை 3 விநாடியாக நீட்டியபொழுது பிள்ளைகள் நீண்ட விடை கூறினர். முன்னர் வாய் திறவாதவரும் பேசினர். எந்த ஆசிரியர்தான் தாம் ஒரு விநாடிதான் பொறுக்கின்றோம் என்பதைத் தாமே அறிவார்? பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா?

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நல்லாசிரியரின் இலக்கணத்தை வகுத்து, அவரை நிலத்துக்கும் மலைக்கும் தராசுக்கும் பூவுக்கும் ஒப்பிட்டார். ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் விரித்துரைத்தார். இத்தனை நூற்றாண்டு கடந்தும் அவ்விலக்கணம் பொருந்தி நிற்கின்றது. அந்த நிலைக்கு ஓர் இளம் ஆசிரியர் எவ்வாறு போய்ச் சேர்வது என்பதே எமது காலத்தின் கேள்வி.

எமது நாட்டிலே இதற்கு முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபொழுது, பயிற்றப்பட்ட சைவ ஆசிரியர் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. காலையும் மாலையும் தம்மிடம் வேதனமின்றிப் பாடங்கேட்ட மாணாக்கரைக் கொண்டே அவர் அவ்வித்தியாசாலையை நடத்தினார். ஆசிரியரை ஆக்கியபின்னரே பாடசாலையை ஆக்கினார் என்பது இதன் பொருள். எமது கண்டியிலே திரித்துவக் கல்லூரிக்கு 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த பிரேசர் பாதிரியார், சுதேச பாஷைகளில் கற்பிக்கும் ஆசிரியரின் தேவையை உணர்ந்தவர். பேராதனையில் மிஷன்கள் அமைத்த ஆசிரியர் பயிற்சிக் குடியிருப்பு அக்காலத்து எழுந்ததே. மிஷன் பாடசாலையில் படித்த நாம் இவ்விருவரையும் ஒரே மூச்சில் நினைப்பதில் முரண்பாடு எதனையும் காணவில்லை. சமயத்திலே எதிரெதிர்க் கரையில் நின்றாலும், கட்டடத்திற்கு முன்னர் ஆசிரியர் என்ற உண்மையை இரு திறத்தாரும் உணர்ந்திருந்தனர்.

ஆனால் நமக்கு இன்னொரு மரபும் முதுசொமாக வந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்பட்டபின், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துப் பாடசாலைக்கு உதவிப்பணம் அளக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பரிசோதகர் வருகின்றார் என்றால் ஆசிரியரின் சோறு அவர் கையில். ஆதலால் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். தெரிந்த பாடத்தையே மீண்டும் படிப்பித்தார்கள். மந்தமான பிள்ளையை அன்று வீட்டில் நிற்கச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். அந்த முறை போய் நெடுங்காலமாயிற்று. அந்தப் பயம் மாத்திரம் போகவில்லை. இன்றும் வகுப்பறைக்குள் வேறொருவர் காலடி வைத்தால், "என்ன பிழை பிடிக்க வந்தாரோ?" என்று நெஞ்சு அடிக்கின்றது. எனவேதான் நாம் ஒன்றை அழுத்திக் கூறுகின்றோம்: புள்ளியிடுபவரும் வழித்துணைவரும் ஒருவராக இருத்தலாகாது. பதவி உயர்வை எழுதும் பேனாவைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரிடம் எந்த ஆசிரியர் தம் குறையை மனந்திறந்து கூறுவார்?

இன்று எமது நாட்டிலே உள்ள ஒழுங்குகளையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வழி செய்தது. அக்கல்லூரிகளின் மூன்றாண்டுப் பயிற்சியில் கடைசி ஓராண்டு பாடசாலையிலேயே கழியும்படி அமைக்கப்பட்டது. அக்காலத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் அருகிருந்து வழிகாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஜேர்மனி நாட்டின் உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்குத் தந்த ஆசிரியர் பலர். பாடசாலை தோறும் சென்று உதவுதற்குச் சேவைக்கால ஆலோசகர் என்போர் நெடுங்காலம் பணியாற்றினர்; பின்னர் அவர்களுக்கென ஆசிரிய ஆலோசகர் சேவை தனியாக அமைக்கப்பட்டது. அதிபர்களின் பயிற்சிக்கு மீப்பேயில் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் இருக்கின்றது. பாடசாலைக்குள்ளேயே ஆசிரியரின் வாண்மையை வளர்க்கும் திட்டமும் 2010களில் தொடங்கியது. ஆகவே எண்ணம் புதிதன்று. அது கடைசி மைல்வரை போய்ச் சேர்வதே அரிதாயிருக்கின்றது.

அந்தக் கடைசி மைல் எங்கே இருக்கின்றது? நகரிலிருந்து வெகு தொலைவில் இல்லை. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, பன்விலை, மடுல்கலை என்று எமது கண்டியைச் சுற்றியே இருக்கின்றது. கண்டிக்குப் புகையிரதம் வந்த அதே 1867இல்தான் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை நட்டார். அத்தேயிலையைக் கொய்த மக்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்ற கடமையைத் தோட்டத்துரைமார் மீது சட்டம் சுமத்தியது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். அப்பாடசாலைகள் அரசின் கைக்கு மாறத் தொடங்கியது 1970களில். மற்றையோர் பல தலைமுறையில் நடந்த தூரத்தை இவர்கள் ஒரு தலைமுறையில் ஓடிக் கடக்க வேண்டியவர்களாயினர்.

2014ஆம் ஆண்டில் மலையகப் பாடசாலைகளுக்கென மூவாயிரம் அளவிலான ஆசிரிய உதவியாளரைச் சேர்க்க அரசு விண்ணப்பம் கோரியது. உயர்தரம் சித்தியெய்திய மலையக இளைஞரும் யுவதிகளும் வகுப்பறையில் நிறுத்தப்பட்டனர். பயிற்சி பின்னால் வரும். பிள்ளைகள் முன்னால் இருந்தனர். எண்ணிப் பாருங்கள்! நேற்றுவரை மாணாக்கராக இருந்தவர், இன்று மலைமேலுள்ள ஒரு சிறு பாடசாலையில், இரண்டு வகுப்பை ஒரே மண்டபத்தில் வைத்துக்கொண்டு தன்னந்தனியே நிற்கின்றார். கேட்பதற்கு ஆள் இல்லை. அதிபரோ தாமும் ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு, கட்டட வேலையையும் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டு திண்டாடுகின்றார். இந்நிலையில் ஓர் இளம் ஆசிரியர் தாம் சிறுவயதில் எவ்வாறு படிப்பிக்கப்பட்டாரோ அவ்வாறே தாமும் படிப்பிப்பார்; அல்லது எப்பொழுது நகருக்கு இடமாற்றம் கிடைக்கும் என்று நாட்காட்டியைப் பார்ப்பார். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. இச்சபையில் இருக்கும் எம்மிலே பலர் இன்னும் ஓரிரு ஆண்டில் ஆசிரியராகப் போகின்றவர்கள். இது பிறர் கதையன்று, எமது கதை.

"கருத்தரங்கு வைக்கின்றார்களே, அது போதாதா?" என்று கேட்கலாம். ஜோய்ஸ், ஷவர்ஸ் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் இருவர் 1980களின் தொடக்கத்திலேயே இதனை ஆராய்ந்தனர். விரிவுரை கேட்பதும் செய்முறையைக் காண்பதும் அறிவைத் தரும். ஆயினும் அவ்வறிவு வகுப்பறை வழக்கமாக மாறுவதற்கு, அவ்விடத்திலேயே வந்து துணைநிற்பவர் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நீச்சலைப் பற்றி மண்டபத்திலே பேசலாம். மகாவலியிலே இறங்கும்பொழுதுதான் கைபிடிக்க ஆள் வேண்டும்.

2018ஆம் ஆண்டில் மத்தியு கிராஃப்ட் என்பவரும் அவருடைய தோழர் இருவரும் இத்துறையில் நடந்த 60 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து நிறுத்துப் பார்த்தனர். அவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. கற்பிக்கும் முறையில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றிலும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. நூறு பேரில் ஐம்பதின்மரை முந்தி நின்ற மாணாக்கன் ஐம்பத்தேழு பேரை முந்துவான் என்று அதனைக் கூறலாம். ஆனால் அவ்வறிஞர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தனர்: நூறும் அதற்கு மேலும் ஆசிரியரை ஒரே திட்டத்தில் சேர்த்த இடங்களில் பயன் கணிசமாகக் குறைந்தது. ஆட்சேர்ப்பை விரைவாகப் பெருக்கினால் தரம் தேய்கின்றது.

எமது நிலைக்கு இன்னும் நெருங்கிய சான்று தென்னாபிரிக்காவிலே கிடைக்கின்றது. அந்நாட்டின் வடமேல் மாகாணத்தில், செட்ஸ்வானா என்னும் தாய்மொழியில் வாசிக்கக் கற்கும் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளை 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஒரு பகுதி ஆசிரியரை ஓரிடத்திற்கு அழைத்துச் சில நாட் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதியாரின் வகுப்பறைக்கே வழித்துணைவரை அனுப்பினார்கள். பாடக்குறிப்பும் வாசிப்பு நூலும் இரு சாராருக்கும் ஒன்றே. இரண்டாண்டின்பின் பார்த்தபொழுது, வழித்துணைவர் சென்ற பாடசாலைப் பிள்ளைகள் அடைந்த முன்னேற்றம் மற்றையோரதைவிட ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. பின்னர் வேறொரு மாகாணத்தில், வழித்துணைவர் நேரில் செல்லாமல் கருவியின் மூலமும் தொலைபேசி மூலமும் பேசினால் போதுமா என்றும் சோதித்தார்கள். நேரில் சென்றவரின் பயன் அதிலே கிட்டவில்லை. மலைப்பாதை நீண்டது, பஸ் குறைவு, ஆகவே தொலைபேசியில் முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். தொலைபேசி கால்நடையின் துணையாகலாம்; கால்நடைக்கு மாற்றாகாது.

கடல் கடந்த தமிழ்நாட்டின் அனுபவமும் எமக்குப் பாடமாகும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கியது; சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. வட்டார வள மையங்களைச் சேர்ந்த ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிதோறும் சென்று துணைநின்றனர். வகுப்பறையில் ஆசிரியரோடு தரையில் அமர்ந்து பணிசெய்த பயிற்றுநர் பலர் இருந்தனர். நாளடைவில் அவர்கள்மீது படிவம் நிரப்புதலும் புள்ளிவிவரம் திரட்டுதலும் சுமத்தப்பட்டன என்பது பலரும் எடுத்துக் கூறிய குறை. கையிலே படிவம் ஏறினால் கண் பிள்ளையை விட்டு விலகிவிடும். இஃது எமக்கும் எச்சரிக்கை.

இனி அதிபரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர் பத்துப் பேருக்கு நடுவில் இருக்கின்றார். அதிபரோ கதவை மூடிய அறையிலே தனியாக இருக்கின்றார். நல்ல ஆசிரியராக இருந்ததற்காக அதிபராக்கப்பட்டவர், முரண்டு பிடிக்கும் ஆசிரியரோடு எவ்வாறு பேசுவது, பெற்றோரின் கோபத்தை எவ்வாறு தணிப்பது, பணம் குறைந்த இடத்தில் எதை முதலிற் செய்வது என்பவற்றை யாரிடம் கேட்பார்? மேலதிகாரியிடம் கேட்டால் இயலாதவர் என்று எண்ணிவிடுவாரோ என்ற அச்சம். கீழுள்ளவரிடம் கேட்டால் மதிப்புக் குறையுமோ என்ற தயக்கம். வள்ளுவப் பெருந்தகை அரசனுக்குக் கூறிய அதிகாரங்களுள் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஒன்றை வைத்தார். தவறு கண்டவிடத்து நெருங்கி நின்று எடுத்துரைக்கும் துணை ஆள்பவனுக்குப் பகையன்று, அரண் என்பது அவர் கருத்து. நாடாளும் மன்னனுக்குப் பொருந்தியது பாடசாலை ஆளும் அதிபருக்குப் பொருந்தாதோ? அதிபர் ஒருவரே தமக்கு ஒரு வழித்துணைவரை ஏற்றுக்கொண்டால், அப்பாடசாலையில் ஆசிரியர் எவரும் அதனை அவமானமாக எண்ணமாட்டார். ஆதலின் இப்பணி அதிபரிடமிருந்தே தொடங்குதல் நன்று.

மறுப்புகள் இல்லாமலில்லை. "இருபத்தைந்து வருடம் படிப்பித்த எனக்கு இனி ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?" என்பார் சிலர். அவருடைய அனுபவத்துக்கு நாம் தலைவணங்குகின்றோம். அந்த அனுபவம் அவரோடு ஓய்வுபெற்று வீட்டுக்குப் போய்விடாமல், அடுத்தவருக்குச் சேர வேண்டும் என்பதற்காகவே இவ்வழியைக் கூறுகின்றோம். "நேரம் எங்கே?" என்பார் வேறு சிலர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாடவேளையும், அதன்பின் அரைமணி நேரப் பேச்சுமே வேண்டப்படுவது. "நல்ல ஆசிரியர் எல்லாம் நல்ல வழித்துணைவர் ஆவரோ?" என்பது மூன்றாவது மறுப்பு, இது நியாயமானது. ஆகமாட்டார். பேசுவதிலும் கேட்பதிலே பழகியவரும், தம் வழியே வழி என்று சாதிக்காதவரும், கேட்டதை வெளியிற் சொல்லாதவருமே இதற்குத் தக்கவர். அவர்களுக்கும் பயிற்சி வேண்டும்.

பெரியோர்களே! அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். தமிழ்மொழி மூல ஆலோசகரைப் போதிய அளவில் நியமிக்கட்டும். நாம் கைகட்டி இருக்க வேண்டுமோ? எமது சங்கம் செய்யக்கூடியது ஒன்றை உங்கள் முன் வைக்கின்றோம். இச்சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அதிபரும் பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். அவர்களுள் விரும்பும் ஆறு பேர் முன்வரட்டும். கண்டியைச் சூழ்ந்த மூன்று சிறு பாடசாலைகளைத் தெரிந்து, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் அதிபரின் மனமார்ந்த சம்மதமும் பெற்று, இரண்டு தவணைக்கு இதனைச் செய்து பார்ப்போம். போகும் ஆசிரியர் ஒருவருக்கு ஒருமுறை ஒரு விடயத்தையே எடுத்துக்கொள்ளட்டும். எழுதும் குறிப்பு அந்த ஆசிரியரிடமே இருக்கட்டும். சங்கத்தின் அலுமாரிக்கும் வேண்டாம், அலுவலகத்தின் கோவைக்கும் வேண்டாம். சிறிதாகத் தொடங்கினால் தரம் கெடாது என்பதை மேலே கண்டோம் அல்லவா?

இளைஞராகிய எமக்கும் வேலை உண்டு. ஆசிரியரும் வழித்துணைவரும் பேசும் அந்த அரைமணி நேரம் வகுப்பு அநாதையாக நிற்கலாகாது. அவ்வேளையில் பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசிக்கவும், ஒரு கணக்கு விளையாட்டு நடத்தவும் எம்மால் முடியும். பெரியோரை பஸ் நிலையத்திலிருந்து மேட்டுக்கு அழைத்துச் செல்லவும், அவர்களுடைய பையைச் சுமக்கவும் எம்மால் முடியும். அவ்வழியிலே அவர்கள் கூறும் அனுபவம் நாளைக்கு ஆசிரியராகும் எமக்குக் கிடைக்கும் ஊதியம்.

பாடசாலைக்குக் கட்டடம் வேண்டும், மேசை வேண்டும், நூல்நிலையம் வேண்டும். இவற்றை நாம் மறுக்கவில்லை. எனினும் மேட்டுப் பாடசாலையிலே தனித்து நிற்கும் ஓர் இளம் ஆசிரியருக்கு, "நான் வருகின்றேன், சேர்ந்து பார்ப்போம்" என்று கூறும் ஒரு குரல் கிடைக்குமாயின், அவர் அங்கேயே நிற்பார். அவர் நின்றால் பிள்ளைகள் நிற்பார்கள். முன்வரும் பெரியோர் இக்கூட்டம் முடிந்ததும் எமது செயலாளரிடம் தங்கள் பெயரைத் தருமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.